கழுத்து வரை வந்த படம்

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது கண்ணாடி இல்லாமல் கைப்பேசியைப் படிக்க முடிவதில்லை. மீதிப் பேர் முடிகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டரில் இறக்க எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு நாள் ஆனது என்று என் மகளிடம் சொன்னால், தபாலிலேயே வாங்கியிருக்கலாமே அம்மா என்கிறாள். வாங்கியிருக்கலாம்தான். இதற்கே எனக்குப் பதில் தெரியவில்லை என்றால், மற்றதை எல்லாம் எங்கே போய்க் கேட்பது?

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறி ஷெட், முன்னறை ஆபீஸ். அப்பா பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கு திரும்பினாலும் வெள்ளைச் சுருள்கள்தான். சாப்பாட்டில்கூட ஒரு பஞ்சு இழை கிடக்கும். வெளிநாட்டு ஆர்டர் மெயிலில்தான் வரும் என்று யாரோ சொல்ல, அப்பா ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் இன்டர்நெட். அம்மா அதற்குப் பேண்டேஜ் துணியை நாலாக மடித்து உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு திரைக்கு மேலே காய்ந்து, பாதி உதிர்ந்து, அப்படியே இருந்தது. ஆர்டர் ஒன்றும் வரவில்லை. வந்தது மாப்பிள்ளைதான்.

மாப்பிள்ளை அத்தைக்கு. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. இருபத்தொன்பது வயது. செவ்வாய் தோஷம் என்று ஜாதகம் சுற்றிச் சுற்றி வீட்டுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அத்தை அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். பகலெல்லாம் ஷெட்டில் சுருள்களை எடுத்து ஓரம் பிசிறாக இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முழுப் பரீட்சை லீவு முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சித்தப்பா இருந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. எந்த வழியில் சொந்தம் என்று கேட்டால் அவரே இரண்டு விதமாகச் சொல்வார். வரன் கொண்டுவருவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அவர்தான் இந்தச் செய்தியோடு வந்தார். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. அவருக்கும் செவ்வாய் உண்டு. பொருத்தம் பிரமாதம். பெற்றோர் வந்து அத்தையைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஆவணியில்தான் வருவார், வந்ததும் கல்யாணம். போட்டோ கேட்டதற்குச் சித்தப்பா தொடையைத் தட்டினார்.

"உங்க வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கே! அவரே நேரா அதுல அனுப்பிருவாரு. தபாலு கிபாலுன்னு அலையணுமா?"

இதைக் கேட்டு அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. அன்றே விலாசத்தை எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் மெயில் வந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. அப்பா எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துத் தமிழில் சொன்னார்.

"போட்டோ அனுப்பிருக்காராம். முழுசாப் பாத்துட்டு, பொறவு முடிவு சொல்லுங்கன்னு எழுதிருக்காரு. பாத்தியா, எம்புட்டு மரியாதை!"

எழுத்து நாலு வரியும் சட்டென்று வந்துவிட்டது. போட்டோதான் வரவில்லை.

எப்படி வராது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மோடம் முதலில் பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம் போடும், பிறகு கீச்சென்று கத்தும், பிறகு பேச்சு மூச்சு இருக்காது. அந்த அமைதி வந்தால் லைன் கிடைத்தது என்று அர்த்தம். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் ஒரு நீலம், சுவர் போலிருக்கிறது. அப்புறம் தலைமுடி. அப்புறம் நெற்றி தொடங்கும். அவ்வளவுதான், மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து வராது. திரும்பவும் நீலச் சுவர், திரும்பவும் தலைமுடி.

"முடி நல்ல அடர்த்தி" என்றாள் அம்மா முதல் நாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா எதையும் நல்ல நேரம் பார்க்காமல் தொடங்க மாட்டார். தினக்காலண்டர் தாளைக் கிழிக்காமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நல்ல நேரம் பிறந்த நிமிஷத்தில்தான் டயல் செய்வார். கல்யாணக் காரியம் வேறு. எம்பெருமானே என்று ஒரு முறை கும்பிட்டுவிட்டு அவர் பட்டனை அமுக்கும்போது நாங்கள் மூன்று பேரும் பின்னால் நிற்போம். பாதி நாள் டயல் செய்ததுமே எங்கேஜ்டு. கிடைத்தால் நெற்றி வரை. ஒரு நாள் புருவம் வரை வந்தது. வீட்டில் அன்று பாயசம்.

பின்னே ஊரே கூடி ரிப்பேர் பார்த்தது. மாடியில் இருந்த இன்னொரு போனைப் பிடுங்கினார்கள். படம் இறங்கும்போது மிக்ஸி போடக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. தறி மோட்டார் இழுக்கிறது என்று ஷெட்டை நிறுத்திப் பார்த்தார்கள். அன்று மூக்கு நுனி வரை வந்தது. அதற்காக ஷெட்டைத் தினமும் நிறுத்த முடியுமா? லைன்மேன் சைக்கிளில் வந்து கம்பத்தில் ஏறினார். இறங்கி வந்து, "அணில் கடிச்சிருக்கு அண்ணாச்சி, ஜாயிண்டைப் புதுசாப் போட்டுட்டேன், இனி ஓடும்" என்றார். ஓடவில்லை.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் சாரை வரவழைத்தார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சென்டர் வைத்திருந்தவர். பிளாப்பி டப்பாவும் கையுமாக வந்து, தேங்கிக் கிடந்த பழைய பைல்களை அழித்தார், இடம் இருக்கிறதா என்று பார்த்தார், மோடத்தைக் கழற்றி மாட்டினார். அவர் விரல் எங்கெங்கே போகிறது என்று நான் கண் இமைக்காமல் பார்த்தேன்.

"ரெண்டு எம்பி இருக்கு சார். போட்டோவை இம்புட்டுப் பெருசா யாரு அனுப்புவா? சின்னதாக்கி அனுப்பச் சொல்லி ஒரு மெயில் போடுங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன்கிட்டப் போயி எங்க லைன் சரியில்லன்னு எழுதவா? நல்லாச் சொன்னீரு!"

"அப்ப நம்ம சென்டருக்கு வாங்க. அங்க முயற்சி பண்ணுவோம்."

ஒரு நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சின்ன அறையில் காலேஜ் பையன்கள் ஆறு பேர் திரைகளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வாசலோடு நின்றார். "வீட்டுப் பொண்ணுக்கு வந்த மாப்பிள்ளையை இந்தக் கூட்டத்துலயா திறந்து வைக்கிறது" என்று முணுமுணுத்துவிட்டு, கோயில் வாசலில் பால்கோவா வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

கம்ப்யூட்டர் சார் கிளம்பும்போது ஒன்று கேட்டார். அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

"எந்த நேரத்துல சார் போடுறீங்க?"

"நல்ல நேரத்துலதான்."

"அப்பச் சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனார். படித்த மனிதர். அவருக்கும் தோன்றவில்லை. ஊரில் உள்ள பஞ்சுக்கடை, நூல்கடை, மில் ஆபீஸ் எல்லோரும் அதே காலண்டரைப் பார்த்து அதே நிமிஷத்தில்தான் வெளியூருக்குப் போகும் டிரங்கு லைனைப் பிடிக்கிறார்கள் என்பது பல வருஷம் கழித்துத் தொலைபேசி ஆபீஸில் இருந்த ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுவும் முழுக் காரணமா என்று கேட்டால் அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

பதினேழாம் நாள், திங்கட்கிழமை, படம் சட்டைக் காலர் வரை வந்து நின்றது. கண், மூக்கு, மீசை, வாய் எல்லாம் இருந்தது. லேசாகச் சிரிக்கிற முகம். அடியோரத்தில், காலருக்குக் கீழே, கறுப்பாக ஏதோ ஒரு வளைவு தொடங்கியிருந்தது.

"அது என்னதுப்பா, கறுப்பா?" என்று கேட்டேன்.

"சோபாவா இருக்கும்" என்றார் அப்பா.

"சோபா நெஞ்சுக்கு முன்னாலயா இருக்கும்?"

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் அம்மா. "கண்ணுல ஒரு நிதானம் தெரியுது பாருங்க."

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போதும். மொகம் வந்துருச்சு. மிச்சம் சட்டைதான பாக்கி. புதன்கிழமை சம்மதம்னு சொல்லிருவோம்." பிறகு திரும்பி, "என்னம்மா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மௌனத்துக்கு நம் வீடுகளில் ஒரே அர்த்தம்தானே, அதை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் செவ்வாய். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில், மூன்றிலிருந்து நாலரைக்குள், அம்மாவும் அத்தையும் துர்க்கை சன்னதியில் எலுமிச்சை விளக்குப் போடுவது வழக்கம். அன்று அத்தை வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர் என்று உட்கார்ந்திருந்தாள். அம்மா மட்டும் கோயிலுக்குப் போனாள். அப்பா பதிலைப் பற்றிச் சித்தப்பாவிடம் பேச ராகு காலத்துக்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார். ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை பின்கட்டிலிருந்து எழுந்து ஆபீஸ் அறை வாசல் வரை வந்தாள்.

"ஏட்டி, அதை எப்படிப் போடணும்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும். ஆனா ராகு காலம் அத்தை."

"தெரியும்."

"நீங்க தொடவும் கூடாது."

"நான் எங்க தொட்டேன்? நீ தொடு."

எது பெரிய பாவம் என்று தெரியவில்லை; ராகு காலமா, அத்தை அறை வாசலில் நிற்பதா, அப்பாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதா? உறையை எடுத்தேன், டயல் செய்தேன். எங்கேஜ்டு வரவில்லை. முதல் முறையே மோடம் கத்தி அடங்கியது. நீலச் சுவர், தலைமுடி, நெற்றி. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, படமும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. காலரைத் தாண்டியது. கறுப்பு வளைவு அகன்று ஒரு தலையானது. அதன் கீழே இரண்டு கண், ஒரு மூக்கு, சிவப்புக் கவுன். மாப்பிள்ளையின் மடியில் மூன்று வயசுப் பாப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யாரு அத்தை இந்தப் பாப்பா?"

அத்தை மெல்ல வந்து என் தோளுக்கு மேல் குனிந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தொடக் கூடாது என்பதையே மறந்து, விரலைத் திரையில் வைத்தாள். பாப்பாவின் வகிட்டில்.

"கோணலா இருக்கு பாரு" என்றாள். "ஒரு பக்க ரிப்பன் அவுந்து தொங்குது. பொம்பளை எடுத்த வகிடு இல்ல இது. அவியளே சீவி விட்டுருக்காவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகிடு கோணலாக இருப்பதற்கு எதற்காக அத்தையின் கண் கலங்க வேண்டும்?

"அணைச்சிரு" என்றாள். நான் சேவ் செய்யவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். உறையைப் போட்ட பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது. அண்ணன்ட்ட கூடவே கூடாது. என் மேல ஆணை."

ராகு காலத்தில் கம்ப்யூட்டரைப் போட்டதையும் தீட்டோடு திரையைத் தொட்டதையும்தான் சொல்லக் கூடாது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் அப்பா நல்ல நேரத்தில் மறுபடி கேட்டார். பின்கட்டிலிருந்து அத்தையின் குரல் தெளிவாக வந்தது.

"எனக்குச் சம்மதம்ண்ணே."

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், சித்தப்பா பிடித்துக் கொடுத்த மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வேனிலிருந்து அந்தப் பாப்பா இறங்கியது. சிவப்புக் கவுன் இல்லை, பட்டுப்பாவாடை. நேராக ஓடிப்போய் மாப்பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு "டாடி" என்றது. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா சித்தப்பாவைத் தேடினார். அவரை மண்டபத்திலேயே காணவில்லை.

மாப்பிள்ளைதான் அப்பாவிடம் வந்தார். பாவம், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"நான்தான் படம் அனுப்பிருந்தேனே சார். முழுசாப் பாத்துட்டு முடிவு சொல்லுங்கன்னு எழுதிருந்தேனே. இவ அம்மா தவறி ரெண்டு வருஷமாச்சு. எங்க வீட்ல சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் நானே அனுப்புனேன்."

கழுத்து வரைதான் வந்தது என்று அப்பா எப்படிச் சொல்வார்? மணப்பெண் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் அத்தை பக்கத்தில் பூக்கூடையை வைத்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே நிறுத்திருதேன். ஊரு என்ன வேணாப் பேசட்டும்."

"நடக்கட்டும்ண்ணே."

"ஏம்மா, எனக்காகப் பாக்காத."

"நடக்கட்டும்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் போனதும் நான் அத்தையின் காதருகே, "அத்தை, அந்தப் பாப்பா!" என்றேன். அத்தை என் கையை நசுக்கிப் பிடித்தாள், வலித்தது.

அத்தை அமெரிக்கா போனாள். கம்ப்யூட்டரை அப்பா அந்த மாசமே கம்ப்யூட்டர் சாரிடம் கொடுத்துவிட்டார். அத்தையிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். அப்பா எடுப்பார், குரலைக் கேட்டதும் "இந்தா, உன் நாத்தனா" என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விடுவார். "அரைப் படத்தைப் பாத்துட்டு என் தங்கச்சியைத் தள்ளிவிட்டேன். அவ மானத்துக்குப் பயந்து தலையைக் குடுத்துட்டா. அவட்டப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கு" என்று அம்மாவிடம் மட்டும் சொல்வார்; பக்கத்தறையில் என் காதிலும் விழும். அம்மா அதை அத்தையிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் அத்தை அங்கே கலங்குவாள் என்று.

எனக்கு இது எப்போது விளங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காலேஜ் போகிற வயதில் இருக்கலாம். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று, அத்தை தெரிந்தேதான் சம்மதித்தாள் என்று உறைத்தது. அப்படியென்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் ஆறுதல் அடைவாரா, அல்லது தங்கை தன்னை நம்பாமல் மறைத்துவிட்டாள் என்று இன்னும் உடைந்து போவாரா? அத்தையின் மேல் ஆணை வேறு. அதற்குள் அப்பா பேசாததும் வீட்டில் ஒரு பழக்கமாகிவிட்டது. அது எதனால் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் சும்மா இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, என் கல்யாணம் வந்தது. அத்தை வந்தாள், அப்பா சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கிறேன் என்று நழுவினார்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அத்தையால் பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர முடிந்தது. கூட அந்தப் பாப்பா, இப்போது டாக்டருக்குப் படித்தவள், அத்தையை அம்மா அம்மா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுகிறவள். காரியமெல்லாம் முடிந்து நானும் அத்தையும் மட்டும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் என் மேல கோவம் தீரல" என்றாள் அத்தை. "நிறுத்திருதேன்னு சொன்னப்ப நான் கேக்கலைல்லா. ரெண்டாந்தாரமாப் போயி குடும்பத்துப் பேரைக் கெடுத்துட்டேன்னு நினைச்சிருச்சு."

அப்போதுதான் சொன்னேன். அப்பா அம்மாவிடம் சொன்னது, ஷெட்டுக்குள் போய் நின்றது, யோக்கியதை இல்லை என்றது, எல்லாவற்றையும். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ ஏன்டி சொல்லல? எனக்கு அண்ணன் மனசு தெரியாது. அண்ணனுக்கு என் மனசு தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான?"

"நீங்கதான் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னீங்க" என்றேன்.

நாற்பதை நெருங்கிய வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, இதுதான் என் வாயில் வந்தது. அத்தை கையை விட்டுவிட்டாள். சேலையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அண்ணே அண்ணே என்று அழத் தொடங்கினாள். அந்த மகள் ஓடி வந்து, என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டாள். அப்பா ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், எனக்குக் கல்யாணமாகும் வரை, நான் அந்த அறையில் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.